நூற்றியொரு சென்டிமீட்டர்

குளியலறை வாசலுக்கு வரைபடத்தில் எண்பத்தொரு சென்டிமீட்டர் போட்டிருந்தது. உபால்தோ அந்த எண்ணின் மேல் விரலை வைத்து மூன்று தடவை படித்தான். எழுத்துக் கூட்டப் பழகியபோது அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. ஆறு வருஷம் ஆகிவிட்டது. இருந்தும் காகிதத்தில் பிடிக்காத சேதி வந்தால், நாம்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று முதலில் தன்னையே சந்தேகப்படுவான். மூன்றாவது தடவையும் எண்பத்தொன்றுதான் இருந்தது. மரநிலை வைத்தால் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து போய்விடும். மிச்சம் எழுபத்தொன்று.

அவன் மனைவி ஒடிலியாவின் சக்கர நாற்காலி அறுபத்தாறு.

"போகுமே தோன் உபால்தோ," என்றாள் ரொமினா. பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'தோன்' போட்டுத்தான் பேசுவாள். வரைபடம் போட்டது அவள்தான். கட்டடக்கலை படித்தவள், நல்ல பெண், மழையிலும் சைக்கிளில் வந்து இறங்குவாள். "அஞ்சு சென்டி மிச்சமே இருக்கு."

"இருக்குதான்," என்றான். முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்த உடம்புக்கு அது போகாது என்று தெரிந்தது. வாய்க்குத் தெரியவில்லை.

தலைநகர் மொந்தெவிதேயோவின் வடக்கு ஓரத்தில் இருபத்துநாலு குடும்பங்கள் கூட்டுறவு சேர்ந்து, தங்கள் கையாலேயே இருபத்துநாலு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேர உழைப்பு. எந்த வீடு யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. கடைசிக் கதவும் மாட்டிய பிறகுதான் குலுக்கல். அதனால் எல்லாச் சுவரையும் தன் சுவர் மாதிரியே கட்டியாக வேண்டும். அடுத்தவன் வீடுதானே என்று கோணலாக ஒரு கல் வைத்தால், அந்தக் கோணல் உன் தலைமாட்டுக்கே வந்து சேரலாம். அஸ்திவாரமும் தளமும் முடிந்துவிட்டன. இன்னும் மூன்று வாரத்தில் சுவர் எழும்ப வேண்டும்.

ஒடிலியாவும் மணிக்கணக்குப் போட்டு உழைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் முதுகில் வந்த கட்டி அவள் காலை எடுத்துக்கொண்டது, நாக்கை விட்டுவிட்டது. கருவி அறை அவள் பொறுப்பு. கலவை ஒட்டிய கரணையைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததுமே குழாயடிக்குத் திரும்பி நடப்பான்.

கதவுச் சேதியை அவளிடம் சொன்னபோது அவள் மாத்தே என்ற இலைத் தேநீரைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குழல் கடைசிச் சொட்டில் கொரகொரத்தது. மெதுவாகக் குடுவையை அவனிடம் நீட்டினாள்.

"கிழவா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஒருத்தர் என்னைத் தூக்கிட்டுப் போய் உக்கார வச்சு, வெளியே நின்னு 'ஆச்சா'ன்னு கேக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன். தாக்குவாரெம்போவுல தங்கச்சி வீட்டுல வாசல் பெரிசு. நான் அங்க போயிடறேன். நீ ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வா."

"அஞ்சு மணி நேரப் பயணம் அது."

"வர்றப்ப ஏதாவது வாங்கிட்டு வா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. இரண்டு வருஷம் கல் சுமந்தது ஒரு வீட்டில் தனியாக மாத்தே குடிப்பதற்கா என்று உபால்தோ நினைத்தான்.

*

அவனிடம் ஒரு வழி இருந்தது. அது ஒரு பழைய லேப்டாப்.

தொழிற்சங்கக் கூடத்தில் எழுத்து வகுப்பு முடிந்த கையோடு கணினி வகுப்பும் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உபயோகித்துக் கழித்த லேப்டாப்புகள். மற்றவர்கள் மவுஸைப் பிடித்து இழுத்துப் பெட்டியும் வீடும் வரைந்தார்கள். உபால்தோவின் விரல்கள் சிமெண்டில் ஊறித் தடித்தவை. அவன் ஒரு கோடு இழுத்தால் மூன்று கோடு வரும். ஒரு நாள் வாத்தியார் பார்த்துவிட்டு, "நீங்க இழுக்காதீங்க, எழுதுங்க," என்று வேறொரு செயலியைத் திறந்து கொடுத்தார். அதில் இடது பக்கம் எழுத வேண்டும். எழுதியது வலது பக்கம் பொருளாக எழும்பும். பெட்டி என்று எழுதி நீளம், அகலம், உயரம் கொடுத்தால் பெட்டி. உருளை என்றால் உருளை. இதிலிருந்து அதைக் கழி என்றால் ஓட்டை. நகர்த்து, திருப்பு, இதையே பத்து தடவை செய். மொத்தம் இருபது சொல் தெரிந்தால் போதும். இருபது சொல்லைக் கற்றுக்கொள்ள அவனுக்குப் பயமில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, எழுத்து என்பது யாரோ அனுப்பிய நோட்டீஸாக இல்லாமல், கையில் பிடிக்கிற சாமானாக இருந்தது.

"கிழவி, நான் எழுதினா அது எழுந்து நிக்குது," என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னான்.

"போன வாரம் சீட்டுல முட்டைன்னு எழுதினியே, அது நிக்கலையே. கடைக்காரன் சோப்புல்ல கொடுத்து அனுப்பினான்."

இப்போது அந்தக் குளியலறையை எழுத உட்கார்ந்தான். சுவர் என்றால் ஒரே ஒரு பெட்டி, ஒரு வரியில் முடியும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். உபால்தோவால் அப்படி எழுத முடியவில்லை. இரண்டு மீட்டர் சுவரை யார் ஒரே தூக்காகத் தூக்கி வைக்கிறார்கள்? மேலே கல்லின் நீளம் முப்பத்தொன்பது, அரைக்கல் பத்தொன்பது, சாந்து ஒன்று என்று எழுதிக்கொண்டான். அதன்கீழ் முதல் வரிசையை முழுக்கல்லில் தொடங்கினான். இரண்டாவதை அரைக்கல்லில். இணைப்பு மேல் இணைப்பு விழக்கூடாது, விழுந்தால் சுவர் பிளக்கும். திரையில் இருக்கிற சுவர் பிளக்காது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. எழுதி முடித்து விசையைத் தட்டினால் லேப்டாப் நாலு நிமிஷம் மூச்சு வாங்கும். பிறகு கல் கல்லாகச் சுவர் வந்து நிற்கும். அந்த நாலு நிமிஷத்தை அவன் மரியாதையோடு காத்திருப்பான். நிஜச் சுவருக்கு நாலு நாள் ஆகுமே.

சுவரிலிருந்து வாசலைக் கழித்தான். நிலை வைத்தான். நாற்காலியையும் எழுதினான். சக்கரத்துக்குச் சக்கரம் அறுபத்தாறு, டேப் வைத்து அளந்தது. எல்லாவற்றையும் இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி, நூலகத்தில் இருந்த முப்பரிமாண அச்சு எந்திரத்துக்குக் கொடுத்தான். சூடான பிளாஸ்டிக்கை நூல்நூலாகப் பிழிந்து அது முழுசாக ஒரு பகல் கட்டியது. சாந்துக் கோடுகள் நகக்கீறல் மாதிரி தெரிந்தன. நூலகத்துப் பெண் அதைக் கையில் எடுத்து, "இது உள்ள யாரு இருக்கப் போறா?" என்று கேட்டாள். அது நல்ல கேள்வி. அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

*

சனிக்கிழமைக் கூட்டத்தில் அதை மேஜை மேல் வைத்தான். எபெர்தான் தலைமை. பஸ் ஓட்டுகிறவன், கூட்டத்தையும் பஸ் மாதிரியே நடத்துவான். நடுவில் யாரும் இறங்கக்கூடாது.

"தோழர் உபால்தோ குளியலறை வாசலைப் பெரிசாக்கணும்னு கேக்கறார். இருபத்துநாலு வீட்டுலயும். பேசுங்க."

உபால்தோவுக்குப் பேச வராது. "பாருங்க," என்று மட்டும் சொல்லி, குட்டி நாற்காலியை எடுத்து வாசலில் வைத்துத் தள்ளினான்.

அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

நெல்பா எழுந்து வந்தாள். பஸ் டிப்போவில் கழுவுகிற வேலை, மூன்று பிள்ளைகள், கணவன் இல்லை. ஒற்றை விரலால் நாற்காலியை வெளியே இழுத்தாள். திரும்ப உள்ளே தள்ளினாள். மறுபடி இழுத்தாள்.

"போகுதே தோழரே. ஜோரா போகுது. இதுல பிள்ளைங்களைக் கூட உக்கார வச்சுத் தள்ளலாம்."

கூட்டம் சிரித்தது. நெல்பா சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன். வாசலைப் பெரிசாக்கினா பக்கத்துச் சுவர் குறையும். அந்தச் சுவருக்குப் பின்னாடிதான் என் வாஷிங் மெஷின் நிக்கணும். இருபது வருஷமா கையால துவைச்சவ நான். ஒடிலியா மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வாஷிங் மெஷினை நான் விடமாட்டேன்."

"யாரும் உன் மெஷினைத் தொடலம்மா," என்றான் எபெர். "வாக்கெடுப்பு அடுத்த சனி. அதுக்கப்புறம் கல்லு ஏறும், அதோட பேச்சு முடிஞ்சுது."

உபால்தோ அந்தக் குட்டிக் குளியலறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒடிலியா கருவி அறை வாசலில் இருந்தாள். எல்லாம் அவள் காதுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"காட்டு."

காட்டினான். அவள் நாற்காலியை மடியில் வைத்து, சக்கரத்தை நகத்தால் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. கால் வைக்கற பலகைகூட விடல. யாரு உக்கார்றதுக்கு இது?"

"உனக்குத்தான்."

"நான் எங்க இதுல?"

அவன் குனிந்து குட்டி நாற்காலியின் வெற்று இருக்கையைப் பார்த்தான்.

"நாற்காலியை அளந்திருக்க கிழவா. என்னை அளக்கல. இது தானா போகுமா? என் கைதானே தள்ளணும்?" இரண்டு கையையும் சக்கரத்து வளையத்தில் வைத்துக் காட்டினாள். முழங்கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி வெளியே விரிந்தன. விரல் முட்டிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அது கரணை கீறினதுன்னு இல்ல நினைச்சேன்," என்றான்.

"இந்தக் கருவி அறைக் கதவு எழுபத்தஞ்சு. ஒரு நாளைக்கு முப்பது தடவை போய்ட்டு வர்றேன்." கையை மடியில் போட்டுக்கொண்டாள். "உங்கிட்ட சொன்னா நீ கதவைப் பேத்துடுவ. கதவு இல்லன்னா கடப்பாரை போயிடும்."

உபால்தோ அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். தினம் அந்தக் கையிலிருந்துதான் மாத்தே வாங்கிக் குடிக்கிறான்.

*

மறுநாள் காலையில், ஞாயிற்றுக்கிழமை, அவளை அளந்தான்.

"சிமெண்ட் மூட்டையை அளக்கற மாதிரி அளக்காத. டேப்பு ஐஸ் கட்டியா இருக்கு."

"அசையாத."

"முப்பத்தோரு வருஷமா கூட இருக்கான், இப்பத்தான் டேப்பு எடுக்கறான்."

கையை வளையத்தில் வைத்து, தள்ளுகிற மாதிரி இருக்கச் சொன்னான். விரல் முட்டிக்கு விரல் முட்டி எழுபத்தெட்டு. முழங்கைக்கு முழங்கை எண்பத்தாறு. தோள், கழுத்து, தலையின் சுற்று, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு. ஒவ்வொன்றையும் அவளே உரக்கப் படித்தாள். அவன் அட்டையில் எழுதிக்கொண்டான். அவள் உடம்பு முழுசும் பதினாலு எண்ணில் அடங்கிவிட்டது. அது அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

எழுத உட்கார்ந்தான். தலைக்கு ஒரு உருண்டை. உடம்புக்கு ஒரு பெட்டி, ஓரங்களை மழுக்கி. கைக்கு உருளைகள். விசையைத் தட்டினான். லேப்டாப் மூச்சு வாங்கிக்கொண்டு ஒடிலியாவைக் கொண்டுவந்து நிறுத்தியது. கை இரண்டும் காதிலிருந்து முளைத்திருந்தது.

அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாடு மாதிரி இருக்கேன்."

"முதல்ல நகர்த்திட்டுத் திருப்பிட்டேன். திருப்பிட்டு நகர்த்தணும். பத்து அடி நடந்துட்டு இடது பக்கம் திரும்பறதும், இடது பக்கம் திரும்பிட்டுப் பத்து அடி நடக்கறதும் ஒண்ணா? வேற வேற இடத்துக்குப் போயிடும்."

"அது சரி. என் மூக்கு எங்க?"

"மூக்கு கதவுல இடிக்காது."

"அதனால எனக்கு மூக்கு வேணாமா?"

மூக்கு வைத்தான். கொண்டை வைத்தான். கையைக் காதிலிருந்து இறக்கித் தோளில் சேர்த்தான். முழங்கையை மடக்கினான். மடக்கின கோணத்துக்கு மட்டும் அவளை நாலு தடவை சக்கரத்தைத் தள்ளிக் காட்டச் சொன்னான். "வேணும்னே பண்ற," என்றாள். வேண்டுமென்றேதான் பண்ணினான். காதலிக்கும் காலத்தில் அவளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க அவள் அப்பா விட்டதில்லை.

பிறகு வாசலுக்கு வந்தான். அவள் போவதற்கு நிலை போக எண்பத்தாறுக்கு மேல் வேண்டும். ஆனால் நெல்பாவின் வாஷிங் மெஷின் அங்கேயே நிற்க வேண்டும். அதையும் எழுதினான். அறுபதுக்கு அறுபது பெட்டி, முன்னால் ஒரு வட்ட ஓட்டை.

வாசல் எண் கோப்பின் தலையில் ஒரே இடத்தில் இருந்தது. அதை மாற்றினால் எல்லாம் மாறும். எண்பத்தொன்றை அழித்துத் தொண்ணூற்றாறு போட்டான். நாலு நிமிஷம். வாசல் பெரிதானது. ஆனால் அவன் கண் வாசலைப் பார்க்கவில்லை, வாசலுக்கு இரண்டு பக்கமும் இருந்த கல்லைப் பார்த்தது. சில கற்கள் கால்வாசியாக, சில முக்கால்வாசியாக நறுக்கப்பட்டு நின்றன.

அவனுக்குத் தோள்பட்டை வலித்தது. நறுக்கின கல்லைப் பார்த்தாலே வலிக்கும். கட்டிங் மிஷினின் அலறல், முகத்தில் அப்பும் வெள்ளைத் தூசி, ராத்திரியெல்லாம் இருமல். ஹாலோ பிளாக்கை நறுக்குகிற வேலையை எந்த மேஸ்திரியும் தான் செய்யமாட்டான், சித்தாளுக்குத்தான் தள்ளுவான்.

ஒரு வரி கூடுதலாக எழுதினான். முழுக்கல்லும் அரைக்கல்லும் சாம்பல் நிறம். அரைக்கல் அரைக்கல்லாகவே தொழிற்சாலையிலிருந்து வருகிறது, நறுக்க வேண்டாம். நறுக்க வேண்டிய கல் எல்லாம் சிவப்பு.

முதலில் ரொமினாவின் எண்ணைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். மூலையிலிருந்து இருபத்தெட்டு சுவர், எண்பத்தொன்று வாசல், தொண்ணூறு சுவர். நாலு நிமிஷம். வாசலுக்கு இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. வரிசைக்கு இரண்டு. வாசல் உயரத்துக்குப் பத்து வரிசை. ஒரு வீட்டுக்கு இருபது வெட்டு.

தொண்ணூற்றொன்று போட்டான். சிவப்பு. தொண்ணூற்றெட்டு. சிவப்பு. நூற்றியொன்று போட்டான். அப்போதும் மூலைப் பக்கம் சிவப்பாகவே இருந்தது. அந்த இருபத்தெட்டு சென்டிச் சுவர் எதற்கும் ஆகாத சுவர். ஒரு துடைப்பம் சாய்க்கலாம், அவ்வளவுதான். அதைப் பத்தொன்பதாக்கினான், அரைக்கல் அளவு.

நாலு நிமிஷம் காத்திருந்தான். ஒடிலியா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து மாத்தேயை நீட்டினாள். வாங்காமல் திரையையே பார்த்தான்.

ஒரு கல் கூடச் சிவப்பாக இல்லை. அரைக்கல், நூற்றியொரு வாசல், இரண்டு முழுக்கல். சுவர் தானே விரும்பி அப்படி நின்ற மாதிரி இருந்தது. வாஷிங் மெஷின் அந்த இரண்டு கல்லுக்குப் பின்னால் பத்தொன்பது சென்டி மிச்சத்தோடு நின்றது. வாசலில் கொண்டையும் மூக்குமாக ஒடிலியா, முழங்கையை விரித்துக்கொண்டு.

"கிழவி," என்றான்.

"ஆறிப்போகுது, குடி," என்றாள்.

*

அடுத்த சனிக்கிழமை விடாமல் மழை. வேலை நடக்காது என்பதால் எல்லாருமே கொட்டகைக்குள் இருந்தார்கள். மழை வந்தால் தோர்த்தா பொரிப்பது ஊர் வழக்கம். மூலையில் யாரோ கொழுப்பைக் காய்ச்சி மாவு வட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டகை முழுக்க வாசனை.

உபால்தோ இரண்டு குளியலறைகளையும் மேஜையில் வைத்தான். ஒன்று பழையது. ஒன்று புதியது. நடுவில் நாற்காலியில் குட்டி ஒடிலியா. மூக்கு மட்டும் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

"இந்தத் தடவை ஆளோட செஞ்சிருக்கேன்," என்றான். "போன தடவை ஆளை விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

நெல்பாவே முன்னால் வந்தாள். பொம்மையை எடுத்துப் பழைய வாசலில் வைத்துத் தள்ளினாள். முழங்கை நிலையில் முட்டி நின்றது. கொஞ்சம் சாய்த்துத் தள்ளினாள். நிற்கவே, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டக்கென்று சத்தம். வலது கை ஒடிந்து மேஜையில் உருண்டது.

நெல்பா அந்தக் கையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒடிலியாவைப் பார்த்தாள்.

"பரவால்ல நெல்பா," என்றாள் ஒடிலியா. "நிஜத்துல மெதுவாத்தான் ஒடியும்."

எபெர் தொண்டையைச் செருமினான். "சரி. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் வாசலைப் பெரிசா வச்சு, அதைக் குலுக்கல்ல சேர்க்காம ஒடிலியாவுக்குக் கொடுத்துடலாம். விதியைத் தளர்த்தலாம்னு நான் நினைக்கறேன். யாருக்கும் ஆட்சேபம் இருக்காது."

நல்ல மனசோடுதான் சொன்னான். பலர் தலையாட்டினார்கள். உபால்தோவுக்குக்கூட ஒரு நொடி போதுமென்று தோன்றியது. ஒடிலியா நாற்காலியை முன்னால் உருட்டினாள்.

"எபெர், உங்க வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை தெர்மோஸ் மாத்தே ஓடும்?"

"மூணு, நாலு."

"நான் உங்க வீட்டுக்கு வந்து உக்காந்தா எத்தனை குடிப்பேன்?"

"நீ வந்தா அஞ்சு."

"அஞ்சு தெர்மோஸ் வெந்நீர் எங்க போகும் எபெர்?"

பின் வரிசையில் ஒருவன் புரையேறி இருமினான்.

"அரை மணிக்கு ஒரு தடவை நான் கிளம்பி என் வீட்டுக்கு ஓடணும். திரும்பி வரணும். அதுக்குள்ள கதையை நீங்க முடிச்சிருப்பீங்க. எனக்கு ஒரு வீடு வேணாம். இருபத்துநாலு வீட்டுக்கும் நான் போகணும். நெல்பா வீட்டுல உக்காந்து எபெரைப் பத்திப் பேசணும். எபெர் வீட்டுல உக்காந்து நெல்பாவைப் பத்திப் பேசணும். நடுவுல போகவும் வேணும்."

இந்தத் தடவை நெல்பாவும் சிரித்தாள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். "பேசறது சரி. என் மெஷின்?"

உபால்தோ புதிய குளியலறையை அவள் பக்கம் திருப்பினான். வட்ட ஓட்டை வைத்த வெள்ளைப் பெட்டி சுவருக்குப் பின்னால் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பெட்டியை எடுத்து, திரும்ப வைத்து, இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"சோப்புத் தூள் டப்பா வைக்கக்கூட இடம் இருக்கே."

"இருக்கு," என்றான். பிறகு, தன் வாழ்நாளில் அந்தக் கூட்டத்தில் பேசாத அளவுக்குப் பேசினான். "பழைய வாசல்ல ஒரு வீட்டுக்கு இருபது கல் வெட்டணும். நான் ஒவ்வொரு கல்லா அடுக்கிப் பாத்துட்டேன். இருபத்துநாலு வீட்டுக்கு நானூத்தி எண்பது வெட்டு. இந்த வாசல்ல ஒரு வெட்டும் கிடையாது. சுவரை அரைக்கல்லுல தொடங்கினா போதும்."

ரொமினா மழைச்சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னால் வந்து, இரண்டு சுவர்களின் சாந்துக் கோடுகளையும் விரலால் தொட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. இரண்டாவது தடவை எண்ணினாள். "நான் சுவரை ரெண்டு கோடா வரைஞ்சேன் தோன் உபால்தோ," என்றாள் கடைசியில். "கல்லை நினைக்கல. இவர் சொல்றது சரி."

"கட்டிங் மிஷின்ல இந்த மாசம் யாரு முறை?" என்று நெல்பா கேட்டாள்.

எல்லாருக்கும் தெரியும். சுவரில் ஒட்டியிருந்த முறைத்தாளில் அவள் பெயர்தான் இருந்தது.

"நானூத்தி எண்பதா?"

"நானூத்தி எண்பது."

நெல்பா ஒடிந்த கையைப் பொம்மையின் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு, தன் கையை மேலே தூக்கினாள். "எபெர், எதுக்குக் காத்திருக்க? எண்ணு."

இருபத்தொரு கை. எதிராக இரண்டு. தோர்த்தா பொரித்தவருக்குக் கை முழுக்க மாவு, தூக்கவில்லை.

*

அடுத்த வாரம் வெயில் வந்தது. குளிர்காலத்து வெயில், மூக்கு நுனியை மட்டும் சுடும். முதல் வீட்டின் முதல் வரிசையைச் சாந்தில்லாமல் வெறுமனே அடுக்கிப் பார்த்தார்கள். கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ் உயரம். அரைக்கல், வாசல், இரண்டு முழுக்கல். உபால்தோ டேப்பை இழுத்துப் பார்த்தான். நூற்றியொன்று.

ஒடிலியாவைக் கூப்பிடத் தேவைப்படவில்லை. அவளே நடைபாதை வரப்போகிற இடத்தில் வந்து நின்றிருந்தாள். ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டு வளையத்தைத் தள்ளினாள். முழங்கை இரண்டும் தாராளமாக விரிந்தன. ஒன்றும் உரசவில்லை. உள்ளே போய் ஒரு முழு வட்டம் சுற்றினாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். கழிப்பறைக் கோப்பை வரப்போகிற இடத்தில், தரையில் கந்தல் அடைத்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நாற்காலியை நிறுத்தினாள்.

கல்லும் வாளியுமாக எல்லாரும் வேலையை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபால்தோ வாசலில் நின்றான்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள். "பொம்பள குளியலறைக்குள்ள இருக்கா. திரும்பி நில்லுங்க."

முதலில் உபால்தோ திரும்பினான். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நெல்பா வாசலுக்கு வந்து, "கதவைச் சாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"சாத்து."

நெல்பா இல்லாத கதவை இழுத்துச் சாத்தினாள். கவனமாகத் தாழ்ப்பாளையும் பார்த்தாள். பிறகு அவளும் திரும்பி நின்றுகொண்டாள். பத்துப் பன்னிரண்டு பேர் தெருப் பக்கம் முகத்தை வைத்து நின்றார்கள். தெருவில் போன ரொட்டி வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்து, இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தானும் திரும்பிப் பார்த்தான்.

எபெரின் கையில் முழுக்கல் ஒன்று இருந்தது. "ஒடிலியா, பாரமா இருக்கு," என்றான்.

"வச்சுக்கோ. இன்னும் முடியல."

உபால்தோவுக்கு முதுகில் வெயில் அடித்தது. பின்னால் சக்கரம் மெதுவாக உருளும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி உருண்டது. அவள் போதும் என்று சொல்லும்வரை அவன் திரும்பவில்லை. அவளும் அவசரப்படவில்லை.